பச்சை விழுவதற்குள்

பள்ளி வேனின் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவர் குனிந்து ஷூ நாடாவை இறுக்குவார். கையில் பேத்தியின் இளஞ்சிவப்புத் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஒரு குரல் கொடுத்தால் போதும், வேன் நின்றுவிடும். கொடுக்க மாட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். அந்தப் பலகையில் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியைத் தவிர ஒன்றும் இல்லை. அதுவும் போன வருடத்துத் தேதி. வேன் தெருக்கோடி பேக்கரியைத் தாண்டி வளைந்ததும், "ஐயையோ, பாட்டிலு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டுவிட்டு ஓட ஆரம்பிப்பார்.

அறுபதைத் தாண்டி வெகு நாளாயிற்று. ஒல்லி உடம்பு, கொக்குக்கு இருப்பதுபோல் நீளக் கால். அரைக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். காலில் கிடப்பது மருமகனின் ஷூ. 'நாளையிலிருந்து ஓடப்போகிறேன்' என்று சொல்லி மருமகன் வாங்கியது, பெட்டிக்குள்ளேயே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அளவு கொஞ்சம் பெரிசு என்பதால் ஒன்றின்மேல் ஒன்றாக சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறார்.

தெருவில் அவருக்கு லிஃப்ட்டுக்காரர் என்று பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பதே தொழிலாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆயுசு பூரா மேல போனேன், கீழ வந்தேன். நேரா போறது இப்பத்தான்" என்பார். உடம்பைப் பற்றிப் பேசினாலும் தொழில் பாஷைதான். வலது முட்டி வலித்தால், "கைடு ரெயில் உரசுது." மேட்டில் மூச்சு முட்டினால், "ஓவர்லோடு, மணி அடிக்குது." ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துத் தெம்பு வந்துவிட்டால், "கரண்டு வந்திருச்சு."

அவரும் மனைவியும் பேரப்பிள்ளைகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மகன் வீட்டுக் கைக்குழந்தை மனைவியின் பங்கு. அதற்காக மனைவி வேறு ஊரில் இருக்கிறார். மகள் வீட்டில் இருக்கும் இரண்டும் இவர் பங்கு. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொழுது விடியும்போதே வார்டுக்குப் போய்விடுவாள். மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் அவர் குளியலறையில் இருப்பார். வேன் போன பிறகே வெளியே வருவார். அது தற்செயல்தான் என்று சொல்லிக்கொள்கிறார்.

ஆகவே எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சின்னவனின் ஒற்றை சாக்ஸைத் தேடுவது எல்லாம் தாத்தாதான். பேத்திக்குத் தலை பின்னுவதும் அவர்தான். இரும்புக் கம்பிவடம் முறுக்கிய கை. பின்னினால் சூறாவளி வந்தாலும் அவிழாது. சாயங்காலம் அதை அவிழ்க்க அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார வேண்டியிருக்கிறது.

வாலிபத்தில் அவர் கம்பெனி விளையாட்டு விழாவில் அரை மைல் ஓடுவார். முதலாவதாக வருவதே வழக்கம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் அரைக்கால் சட்டையோடு வெளியே கிளம்பினார். வாசலில் மாமனார் நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, யாராவது துரத்துறாங்களா?"

"இல்ல மாமா."

"நீங்க யாரையாவது துரத்துறீங்களா?"

"இல்ல மாமா."

"அப்புறம் எதுக்கு?"

லிஃப்ட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். பதில் கிடைக்கவில்லை. உள்ளே போய் பேன்ட்டை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள், மாமனார் காலமானார், இவருக்கு முடி நரைத்தது. பதில் மட்டும் வரவே இல்லை, ஓடவும் இல்லை.

பேத்தி ஒரு நாள் நிஜமாகவே பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள். வெயில் காலம், பிள்ளை தாகத்தில் தவிக்குமே என்று ரப்பர் செருப்போடு வேன் பின்னால் ஓடினார். பேக்கரி வாசலில் வார் அறுந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி, சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றிருந்த வேனைப் பிடித்து, ஜன்னல் வழியாக பாட்டிலை நீட்டினார். வேன் ஓட்டுகிற அம்மாள் கண்ணாடியில் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுறீங்கய்யா" என்றார். வீடு திரும்பும்போது அவருக்குக் கால் எரிந்தது, இடுப்பு பிடித்தது. ஆனால் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார். சலூன்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் சட்டையில் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் சும்மா ஓடிப் பார்த்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. வெறுங்கையோடு ஒரு பெரியவர் ஓடுவதைக் கண்டதும், துணி தேய்க்கிறவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கூட ஓடிவந்தார். "சார், யாருக்கு என்னாச்சு? எந்த ஆஸ்பத்திரி?" சலூன்காரர் பாதி சவரத்தில் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வெளியே குதித்தார். "திருடனா? எந்தப் பக்கம் போனான்?" பாதி மீசையோடு வாடிக்கையாளரும் சேர்ந்துகொண்டார். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை இவர் மகளுக்கு போன் போட்டுவிட்டார். உடனே வார்டிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா? எங்க இருந்தாலும் அப்படியே உக்காருங்க."

"ஒண்ணும் இல்லம்மா."

"உக்காருங்கன்னா உக்காருங்க!"

நடைபாதையில் உட்கார்ந்தார். சுற்றி நின்ற கூட்டம் விசிறிவிட்டது. அன்றைக்கு அவருக்கு ஒன்று விளங்கியது. இந்த வயதில் காரணமில்லாமல் ஓடினால் ஊர் தாங்காது. கையில் ஏதாவது ஒன்று வேண்டும். பாட்டிலோடு ஓடினால் இதே தெரு ஒதுங்கி வழிவிடும், "இப்பத்தான் திரும்புச்சு சார், புடிச்சிரலாம்!" என்று கையும் காட்டும்.

இதைப் பேத்தியிடம் அவர் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். கணக்கு டீச்சரின் கண்டிப்பு உள்ள பெண். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தாத்தா, நாளைக்கு எதை மறக்கட்டும்?"

அவர் குளியலறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "டிபன் பாக்ஸ்?"

"அது கனம். மொதல்ல லேசா ஆரம்பிக்கலாம். ஸ்கேல்."

அப்படி ஆரம்பித்தது. ஸ்கேல், டை, குடை, ஜியாமெட்ரி பாக்ஸ். ஜியாமெட்ரி பாக்ஸ் அவருக்குப் பிடித்தமானது. ஓடும்போது உள்ளே கலகலவென்று தாளம் போடும். வேனுக்குள் விஷயம் பரவி, நாளைக்கு என்ன மறப்பது என்று பிள்ளைகள் கைதூக்கி முடிவெடுக்கும் அளவுக்குப் போயிற்று. வேன் ஓட்டும் அம்மாள் முன்னாளில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வண்டியை நிறுத்துவது அவருக்குப் பிறவியிலேயே பிடிக்காது. ஜன்னலில் தலையை நீட்டிச் சட்டத்தைச் சொல்லிவிட்டார். "சிவப்பு விழுந்தா நிப்பேன். பச்சைன்னா, என்னைப் பெத்த அப்பாவே ஓடிவந்தாலும் நிக்க மாட்டேன். புரிஞ்சுதாய்யா?" இவருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

இதற்கிடையில் மனைவி போன் செய்வதும் உண்டு, சரியாக அவர் திரும்பி வரும் நேரம் பார்த்து.

"என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"மாடிப்படி ஏறினேன்."

"லிஃப்ட்டு இருக்கே?"

"ரிப்பேரு."

"நீங்க குடியிருக்கிற பில்டிங்ல லிஃப்ட்டு ரிப்பேரு. சரி, நம்பிட்டேன்" என்று மனைவி போனை வைத்தார்.

வினை சூரிய மண்டலத்தின் ரூபத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று தெர்மகோல் உருண்டைகளுக்கு வர்ணம் அடித்து, கம்பியில் குத்தி, ஒரு பலகையில் நிறுத்தியிருந்தாள் பேத்தி. கம்பி வேலை தாத்தாவுடையது. வேன் பிள்ளைகளின் ஏகமனதான முடிவின்படி அது மறக்கப்பட்டது. லிஃப்ட்டுக்காரர் சூரியனையும் கிரகங்களையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினார். எதிர்க்காற்றில் சனியின் வளையம் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. பேக்கரி முனையில் ஒரு கிரகம் கழன்று உருண்டது. மாவுக் கையில் அதை எடுத்துக்கொண்டு பேக்கரிக்காரர் துரத்தினார். "சார்! உருண்டை விழுந்திருச்சு!"

"உருண்டையா? அது வியாழன்யா!" என்று சலூனிலிருந்து திருத்தம் வந்தது.

சிக்னலில் வேன் நின்றிருந்தது. பலகை ஜன்னலுக்குள் நுழையவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்போதே பச்சை விழுந்துவிட்டது. அம்மாள் சட்டப்படி வண்டியை எடுத்தார். இவர் பக்கத்திலேயே ஓடி ஓடிக் கிரகங்களை ஊட்டினார். பிள்ளைகள் பெயர் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூமி மட்டும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

வகுப்பு ஆசிரியை அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுவிட்டார். "உங்க பொண்ணு அப்பப்ப ஏதாவது ஒண்ண மறந்துட்டு வர்றா. பரவாயில்லன்னு விட்டேன். இன்னிக்கு பூமியவே மறந்துட்டா."

மகள் பயந்துவிட்டாள். நர்ஸ் அல்லவா, வியாதிகளின் பெயர் எல்லாம் தெரியும். பேத்தியைக் குழந்தைகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் சில எண்களைச் சொன்னார். பேத்தி திருப்பிச் சொன்னாள், பிறகு தலைகீழாகவும் சொன்னாள். கடைசிக் கேள்வியை டாக்டர் ஏற்கனவே கேட்டுவிட்டார் என்பதையும் நினைவுபடுத்தினாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. பையை யார் எடுத்து வைக்கிறாங்க?"

எல்லோரும் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் வேறொரு ஆஸ்பத்திரி, முதியோருக்கான டாக்டர். சின்ன வயசுக்காரர். வயதானவர்களுக்குக் காது கேட்காது, வேகமும் ஆகாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். "ஐயா! இன்னிக்கு! என்ன! கிழமை!" லிஃப்ட்டுக்காரர் சொன்னார். "நான்! மூணு வார்த்தை! சொல்றேன்! சாவி! யானை! கப்பல்! அப்புறமா கேப்பேன்!" பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இவர் முள் வைத்ததோடு நிறுத்தாமல் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களையும் ஸ்பிரிங்கையும் வரைந்து, எந்தச் சக்கரம் முதலில் தேயும் என்று அம்புக்குறியும் போட்டார். டாக்டர் தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க! அந்த மூணு வார்த்தை!"

மகள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு வெளியே பேத்தியின் முகம் தெரிந்தது, மூக்கு நசுங்கி. தான் எதையும் மறப்பவர் இல்லை என்று ஆகிவிட்டால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பது லிஃப்ட்டுக்காரருக்குத் தெரிந்தது. பேத்தியும் மறக்கவில்லை, தாத்தாவும் மறக்கவில்லை என்றால், பூமி எப்படி வீட்டில் தங்கியது?

"சாவி..." என்றார். மகளின் முகம் மலர்ந்தது. "அப்புறம் தெரியலீங்க."

மகள் வாரை முறுக்குவதை நிறுத்தினாள். டாக்டரைப் பார்க்கவில்லை, அப்பாவின் சட்டைக் காலர் மடிந்திருந்ததை எழுந்து வந்து சரிசெய்தாள். அந்த ஒரு நிமிடம் உண்மையைக் கொட்டிவிடலாமா என்று இருந்தது அவருக்கு.

வெளியே வந்ததும் பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பின்தங்கி நடந்தாள். "யானை, கப்பல். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"சும்மா வா."

அவள் சும்மா வந்தாள். விரலை மட்டும் விடவில்லை.

அதன் பிறகு வீடு மாறிப் போயிற்று. மகள் மாலை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் தானே பைகளைச் சோதித்தாள். அப்பாவிடம் உரக்கவும் நிதானமாகவும் பேச ஆரம்பித்தாள். மருமகன் வீடு முழுக்க எழுதி ஒட்டினார். 'அடுப்பை அணைக்கவும்', 'குழாயை மூடவும்', 'கதவைப் பூட்டவும்'. தொழில் வழக்கப்படி மேல்வரி கொட்டை எழுத்தில் தொடங்கி, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போயிற்று. கடைசி வரியில் என்ன எச்சரிக்கை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவை வைப்பதாகவும் பேச்சு அடிபட்டது. பிள்ளைகளோடு சேர்த்து அவரையும் பார்த்துக்கொள்வார் என்று மருமகன் சொன்னது சமையலறைவரை கேட்டது.

மனைவி போனில் நேராக விஷயத்துக்கு வந்தார். "எங்கப்பா என்னைக்கோ கேட்ட ஒரு கேள்வியவே இன்னும் மறக்காத ஆளு நீங்க. உங்களுக்கு மறதியா? நம்ம பொண்ணுகிட்ட சொல்லித் தொலைங்க."

"சொன்னா பெரியவ மாட்டிக்குவா."

"சொல்லலேன்னா நீங்க மாட்டிக்குவீங்க."

"நான் பழைய மெஷினு. ஓரமா நின்னா என்ன இப்ப?" என்றார். சொன்ன தோரணை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. காலையில் வேன் போன பிறகும் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஷூ போட்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. துணி தேய்க்கிறவர், "என்ன சார், இன்னிக்கு ஒண்ணும் மறக்கலியா?" என்று கேட்டதற்கு, "சர்வீஸ் நிறுத்தியாச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஆயா வந்து பேசிவிட்டுப் போன மறுநாள் காலை. வீட்டு வாசலிலேயே மகள் பைகளைத் திறந்து பார்த்தாள். பாட்டில் இருந்தது. டிபன் இருந்தது. ஸ்கேல், பென்சில், டை, குடை, எல்லாம் இருந்தன.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா" என்றாள் பேத்தி, மிகவும் அடக்கமாக.

தாத்தாவோடு பிள்ளைகள் லிஃப்ட்டில் கீழே இறங்கினார்கள். வேன் வந்தது. கதவு சாத்திக்கொண்டது. கிளம்பியது. தாத்தா வழக்கம்போல் பலகையைப் பார்த்து நின்றார். பேன்ட்டை யாரோ இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் சின்னவன். முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் மகா திருப்தி.

"தாத்தா, அக்கா என்னை மறந்துட்டா."

வேன் பேக்கரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த முகங்களுக்கு நடுவில், கணக்கு டீச்சர் கண்கள் இரண்டு அவரையே பார்த்தன.

ஒரு கணம்தான் நின்றார். பிறகு சின்னவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஓடினார். பாட்டில் மாதிரி இல்லை. பையன் கனத்தான், போதாக்குறைக்குக் காதைப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்தான். துணி தேய்க்கிறவர் பெட்டியை உயர்த்திப் பிடித்தார். சலூன்காரர் துண்டை வீசினார். அந்தச் சத்தத்தில் தலைக்குமேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா!"

மகள். பால்கனி. வாயில் பல்துலக்கும் நுரை. முடிந்தது கதை என்று நினைத்தார். அவள் பெற்ற பிள்ளை முதுகில் தொங்க, மறதிக்கார அப்பா நடுத்தெருவில் ஓடுகிறார். ஆயா வரும்வரைகூடக் காத்திருக்க மாட்டாள், இன்றைக்கே அவர் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவாள்.

மேலே மகள் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். அவள் பிறந்த நாளிலிருந்து அப்பா ஓடி அவள் பார்த்ததில்லை. லிஃப்ட்டுக்குள் புகுந்து எண்ணெய்க் கறையோடு வெளியே வருகிற அப்பாவைத்தான் பார்த்திருக்கிறாள். இந்த நீளக் கால்கள் இப்படி மடங்கி நிமிரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நுரையைத் துப்பும் சத்தம் கேட்டது.

"அப்பா! பேக்கரிகிட்ட லாரி நிக்குது! சந்து வழியா போங்க, சந்து வழியா!"

அவர் சந்துக்குள் திரும்பினார். "பச்சை விழறதுக்குள்ள!" என்று மகளின் குரல் பின்னாலேயே துரத்தியது. சந்தில் குப்பை வண்டி ஒதுங்கியது, பூனை ஒதுங்கியது. மூச்சு முட்டியது. மணி அடிக்கிறதா என்று கவனித்தார். அடித்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சந்து முடிந்த இடத்தில் சாலை. சிக்னலில் சிவப்பு. வேன் நின்றிருந்தது. உள்ளே பிள்ளைகள் இருக்கையில் ஏறி நின்று கத்தினார்கள். வேன் ஓட்டும் அம்மாள் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, பையனை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தார். "இங்க கொடுங்கய்யா! சீக்கிரம்! பச்சை விழப்போகுது!"

நடப்பவர்கள் கடக்கும் கோடுகள் அவருக்கு முன்னால் வெள்ளையாக விரிந்திருந்தன. அதற்கு அப்பால் நடைபாதை, மேடு, மேட்டின் உச்சியில் பள்ளிக்கூடக் கதவு. லிஃப்ட்டுக்காரர் சின்னவனின் கால்களை இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். விரித்த கைகளுக்குப் பக்கத்தில் வந்தார். நிற்கவில்லை. வேனைத் தாண்டினார். மேட்டில் ஏறும்போது, திரும்பிப் பார்க்காமலே, ஒரு கையை மட்டும் தலைக்குமேல் உயர்த்தி அவர்களுக்கு டாட்டா காட்டினார்.